மோட்டார் அறையில் ஒரு பச்சைக் கண்

கதவு சாத்திக்கொண்டது. வெளியே நாதாங்கி விழுந்தது. அதற்கு மேல் ஒரு பூட்டு ‘கிளக்’ என்றது.

“சத்தத்தை வச்சே சொல்லுறேண்ணே, நம்ம திண்டுக்கல் பூட்டுதான். ஒடைக்க நெனைக்கிறதே வீண்” என்றேன் நான்.

“ஊர்ப் பெருமை பேசுற நேரமாலே இது?” என்றார் பொன்னுத்துரை அண்ணன்.

“வேற என்ன பெருமைண்ணே நம்மகிட்ட மிச்சம் இருக்கு?”

அவர் மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு மோட்டார் திண்டின் மேல் உட்கார்ந்தார். அந்தப் பைக்குள் ஒரு டேப் ரிக்கார்டர் நாடா இருந்தது. அந்த நாடாவுக்குள் ஒரு மனிதனின் உயிர் இருந்தது.

என் பெயர் சங்கிலி. வத்தலக்குண்டு பஸ்ஸில் எட்டு வருஷம் கண்டக்டராக இருந்து, வாய் நீளம் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். பொன்னுத்துரை அண்ணன் தந்தி ஆபீஸில் இருபது வருஷம் ‘கட்டுக் கடகட’ கேட்டுக் கேட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு, பிறகு துப்பறிய வந்தவர். அவருக்குக் காது பலம், எனக்கு வாய் பலம். அன்று சித்திரைக் கடைசி வெயிலில், கன்னிவாடிக்குக் கிழக்கே ஒரு தென்னந்தோப்பு மோட்டார் அறையில் இரண்டு பலமும் சேர்ந்து மாட்டிக்கொண்டிருந்தன.

அறை எட்டடிக்கு எட்டடி இருக்கும். நடுவில் பம்புசெட் மோட்டார். சுவரில் ஸ்டார்ட்டர், ஒரு பல்பு, ஒரு பிளக். பூனை நுழையலாம் என்கிற அளவில் உயரத்தில் ஒரு கம்பி ஜன்னல். தலைக்கு மேலே தகரம். சுவருக்கு அந்தப் பக்கம் கிணறு. பெருமாள்சாமி பிணமாக மிதந்த அதே கிணறு.

அது பங்குக் கிணறு. ஒரு நாள் தண்ணீர் முறை பெருமாள்சாமிக்கு, மறுநாள் பக்கத்துத் தோப்புக்காரர் சோலைமலைக்கு. போன பங்குனித் திருவிழா அன்று பெருமாள்சாமி உள்ளே மிதந்தார். “மூணு மணிச் சங்கு ஊதுற நேரம், பண்ணையாள் வீரப்பன் அவரைத் தள்ளுனதை என் ரெண்டு கண்ணால பாத்தேன்” என்று சோலைமலை போலீசில் எழுதிக் கொடுத்தார். வீரப்பன் நாடகத்தில் பபூன் வேஷம் கட்டிப் பாடுகிறவன். திருவிழாவுக்குப் பாடப் போகக்கூடாது என்று பெருமாள்சாமி முதல் நாள் நாலு பேர் முன்னால் அவனை வைதார். இவனும் பதிலுக்கு வைதுவிட்டான். அது போதும் என்று பிடித்துக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஆனால் மூன்று மணிக்கு வீரப்பன் இரண்டு மைலுக்கு அப்பால் கோயில் பந்தலில் மைக் முன்னால் பாடிக்கொண்டிருந்தான். இருநூறு பேர் கேட்டார்கள். எத்தனை மணிக்குப் பாடினான் என்று கேட்டால், “சோறு தின்னுட்டு ஒக்காந்தோம், பாடுனான்” என்கிறார்கள். பஞ்சாலைச் சங்கு நடுவில் ஊதியதா என்று கேட்டால் தரையைப் பார்க்கிறார்கள். பாதிப் பேருக்குச் சோலைமலை தோப்பில்தான் வேலை.

மனிதர்கள் மறந்ததை ஒரு நாடா மறக்கவில்லை. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் சேக் பரீதுதான் அன்று மைக் செட் கட்டியவர். பினாங்கிலிருந்து அவருடைய அண்ணன் அனுப்பிய ஜெர்மன் பெட்டியில் அன்றைய பாட்டை ஆசைக்குப் பிடித்து வைத்திருந்தார். நாங்கள் மாட்டிக்கொண்ட அன்று காலைதான் அவர் கடையில் அதைக் கேட்டோம். சேக் பரீது நாளும் தேதியும் சொல்லித் தொடங்கி வைக்கிறார். வீரப்பன் பாடுகிறான். பாட்டுக்கு நடுவில் பஞ்சாலைச் சங்கு முழுசாக ஊதி ஓய்கிறது. பகலில் அந்தச் சங்கு ஊதுவது மூன்று மணிக்கு மட்டும்தான்.

மறுநாள் காலை வீரப்பன் கேஸ் கோர்ட்டில். “அஞ்சு மணிக்கு நாடாவோட வாரோம்” என்று அண்ணன் தபாலாபீஸில் டிரங்க் கால் போட்டுத் திண்டுக்கல் இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் ஒரு ரகசியம் டீ ஆறுவதற்குள் ஊரைச் சுற்றிவிடும். நாங்கள் வெளியே வந்தபோது கறுப்பு லேண்ட்மாஸ்டர் கார் ஒன்று முன்னால் நின்றது. ஓட்டி வந்தவர் சோலைமலை.

“திண்டுக்கல்லுக்குத்தானே? ஏறுங்க, எறக்கி விடுறேன்” என்றார்.

நான் அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் ஏறி உட்கார்ந்து, எனக்கும் இடம் தள்ளிக் கொடுத்தார். செம்பட்டி முக்கில் கார் கன்னிவாடிப் பக்கம் திரும்பியபோது எட்டு வருஷப் பழக்கத்தில் ‘ஹோல்டேன்’ என்று கத்தினேன். கார் நிற்கவில்லை. தோப்பில் காத்திருந்த அவருடைய ஆள் முத்துச்சாமி எங்களை இறக்கி இந்த அறைக்குள் தள்ளினான்.

இப்போது அறையின் ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. சோலைமலை எதன்மேலோ ஏறி நின்றிருந்தார். ஐம்பது வயது, வெள்ளை ஜிப்பா, மெதுவான குரல். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை என்பார்கள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

“என்ன அப்பு, வேர்க்குதா? பையை இப்பிடி நீட்டுங்க. கதவு தானாத் தெறந்துரும்.”

“குடுத்தா என்ன செய்வீக?” என்று அண்ணன் கேட்டார்.

“அடுப்புல போடுவேன்.”

“போடலாம். அஞ்சு மணிக்கு இன்ஸ்பெக்டர் நாடா எங்கன்னு கேப்பாரு. நாங்க உங்க கார்ல ஏறுனதைப் பஸ் ஸ்டாண்டே பாத்துச்சு. எரிஞ்சுபோன நாடா என்ன பேசுச்சுன்னு ஆளுக்கொரு கதை சொல்லுவான். எல்லாக் கதையிலயும் நீங்கதான் வருவீக.”

“நீங்க ரெண்டு பேரும் இருந்தாத்தான கதை?”

“கிணறு பக்கத்துலதான் இருக்கு. ஆனா ஒரே கிணத்துல எத்தனை பேருதான் வழுக்கி விழுவாக?”

சோலைமலை மீசையைத் தடவினார். அவருக்கும் வழி தெரியவில்லை என்று தெரிந்ததும் எனக்குக் குஷி வந்துவிட்டது. குஷி வந்தால் என் வாய் என் பேச்சைக் கேட்காது.

“எரிச்சாலும் மாட்டுவீக, எரிக்காட்டியும் மாட்டுவீக! அந்தப் பெட்டியக் கொண்டாந்து செவப்புப் பட்டனை அமுக்கி அழிச்சாத்தான் உண்டு! அதுக்கு எங்க போவீக?” என்று கையைத் தட்டிச் சிரித்தேன்.

சிரிப்பு பாதியில் நின்றது. ஜன்னல் முகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

“செவப்புப் பட்டனா?” என்றார் சோலைமலை.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஏலே, ஒன் வாயில மண்ணைப் போட!”

எனக்கு அந்தப் பொத்தானைத் தெரிந்த விதம் ஒரு கேவலம். மூன்று வருஷத்துக்கு முன் நிலக்கோட்டையில் ஒரு கல்யாண வீடு. சேக் பரீதின் பெட்டியை வாடகைக்கு எடுத்து, கல்யாணத்தன்று பாட்டி பாடிய நலங்குப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் குரலையும் கேட்போமே என்று சிவப்புப் பொத்தானை அமுக்கி ஒரு தெம்மாங்கு எடுத்துவிட்டேன். பாட்டி போய், என் தெம்மாங்கு மட்டும் மிஞ்சியது. அன்று நான் பின்வாசல் வழியாகத்தான் வெளியேறினேன்.

சோலைமலைக்கு மூளை வேகம். “சங்கு வாரதை மட்டும் அழிச்சுட்டா?” என்று தனக்குத்தானே பேசுகிறவர் போலச் சொன்னார். “பாட்டு இருக்கும், தேதி இருக்கும், சங்கு மட்டும் இருக்காது. அப்பறம் அந்த நாடா வீரப்பனுக்கா சாட்சி? எனக்குல்ல சாட்சி! ஏய் முத்துச்சாமி, காரை எடு. சேக் பரீது கடையில பெட்டி வாடகைக்கு வாங்கிட்டு வா. வீட்டுல காதுகுத்துப் பாட்டுக் கேக்கணும்னு சொல்லு.”

“அதெல்லாம் வேணாம்யா!” என்று அண்ணன் எழுந்து நின்று கத்தினார். அவர் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை. “நாடாவை எரிக்கணும்னா எரிச்சுக்கங்க. பெட்டி மட்டும் வேணாம்!”

முகம் ஜன்னலிலிருந்து மறைந்தது. கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

அண்ணன் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் கூடத் தேவலை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஸ்டார்ட்டருக்கு மேலே ஒட்டியிருந்த ஒரு தாளைப் படித்தார். அந்த வருஷம் மழை பொய்த்து, மோட்டார்களுக்கு மின்சாரம் முறை வைத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை என்று தாளில் எழுதியிருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று அப்படிப் படிக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஜன்னலை எட்டிப் பிடிக்கலாம் என்று மோட்டார் மேல் ஏறினேன். வழுக்கி விழுந்து முழங்காலைப் பேர்த்துக்கொண்டேன். கதவைத் தோளால் இடித்தேன். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை. தகரத்தின் கீழே மூச்சு விடுவதே வேலையாக இருந்தது. தாகத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு சுவருக்கு அப்பால் ஒரு கிணறு தண்ணீர் கிடந்தது.

வீரலட்சுமியை நினைத்தேன். வீரப்பனின் மனைவி. காலையிலிருந்தே திண்டுக்கல் ஸ்டேஷன் வராந்தாவில் காத்திருக்கிறாள். “அவுக குரலுதான் எங்களுக்குச் சோறு போட்டுச்சு. அந்தக் குரலே அவுகளைக் காப்பாத்தும்னு சொல்லுறீக. நம்பி இருக்கேன்” என்று என்னிடம் சொல்லியிருந்தாள். அண்ணனிடம் கூட இல்லை, என்னிடம். அவள் புருஷன் கழுத்துக்குக் கயிறு திரித்துக் கொடுத்ததும் நான்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அடுத்தவனையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேன்.

“மணி என்னண்ணே?”

“மூணு இருபது” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, “மூணு முப்பது” என்றார். யாரும் கேட்கவில்லை.

கார் வந்தது. கதவு திறந்தது. முத்துச்சாமி ஒரு கையில் பெட்டியும் மறு கையில் மட்டை வெட்டுகிற அரிவாளுமாக நுழைந்தான். முப்பது வயது ஆள். அரிவாளை அவன் பிடித்திருந்த விதத்தில் அவனுக்கே அது பிடிக்கவில்லை என்று தோன்றியது. பின்னாலேயே சோலைமலை வந்து கதவைச் சாத்தினார்.

“மாட்டுங்க நாடாவை” என்றார் அண்ணனிடம்.

அண்ணன் மாட்டினார். அவர் மாட்டிய அழகைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. காலையில் கடையில் கண்ணிமைக்கும் நேரத்தில் மாட்டியவர், இப்போது நாடாவைத் தலைகீழாகக் கோத்தார், உருவினார், மறுபடி கோத்தார், சக்கரத்தைக் கீழே போட்டார். அது உருண்டு மோட்டாருக்கு அடியில் போயிற்று. பயத்தில் கை நடுங்குகிறது என்று நினைத்தேன். சோலைமலை பல்லைக் கடித்தார். மூன்று நாற்பத்தைந்துக்குத்தான் பாட்டு கிளம்பியது.

முதலில் சேக் பரீதின் குரல் தேதி சொன்னது. பிறகு ஆர்மோனியம். பிறகு வீரப்பன்.

‘கத்தரிக்கா கூடையோட கல்யாணப் பொண்ணு வந்தா,
ஒட்டன்சத்திரம் சந்தையில மாப்பிள்ளைய வெலைக்குக் கேட்டா...’

கூட்டம் சிரிக்கிறது. அடுத்த அடியை அவன் எடுக்கும்போது, தொலைவில் சங்கு எழும்பி, ஏறி, பாட்டுக்கு மேலே நின்றது. சோலைமலையின் முகம் மாறியதை நான் பார்த்தேன். தான் பொய் சொன்ன நேரம் தன் எதிரிலேயே ஊதுவதை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் நாடாவை நிறுத்திக் கொஞ்சம் பின்னால் ஓட்டினார். சிவப்புப் பொத்தானை அமுக்கினார்.

பாட்டு நின்றது. சக்கரங்கள் மட்டும் சுற்றின. பெட்டியின் நெற்றியில் இருந்த பச்சைக் கண் விழித்துக்கொண்டது. சத்தத்துக்குச் சத்தம் சிமிட்டுகிற விளக்கு அது. சோலைமலை செருமினார், கண் சிமிட்டியது. பெட்டி இப்போது எங்கள் அறையைக் கேட்கிறது, கேட்பதைப் பழைய பாட்டின் மேல் எழுதுகிறது என்று எனக்குப் புரிந்தது.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. எழுதுகிறதா? எழுதட்டும்!

“ஐயா இன்ஸ்பெக்டரே!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். “நான் சங்கிலி பேசுறேன்! சோலைமலை எங்களை மோட்டார் ரூம்புல அடைச்சு வச்சு நாடாவை அழிக்கிறாரு! கூட இருக்கது முத்துச்சாமி!”

பச்சைக் கண் படபடவென்று ஆடியது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். முத்துச்சாமி என் வாயைப் பொத்தினான். சோலைமலை பதறவே இல்லை. நாடாவைப் பின்னால் ஓட்டினார். பெட்டியின் பக்கவாட்டில் செருகியிருந்த மைக் கம்பியைப் பிடுங்கித் தரையில் போட்டார். மறுபடி சிவப்பை அமுக்கினார்.

“இப்பக் கத்து” என்றார்.

கத்தினேன். பச்சைக் கண் அசையவில்லை. நான் கத்தினாலும் அழுதாலும் அது குருட்டுக் கண்ணாக எரிந்துகொண்டிருந்தது. என் குரலும் போயிற்று, வீரப்பன் குரலும் போயிற்று. அண்ணன் தலையைக் குனிந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கு முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டுச் சோலைமலை நிறுத்தினார். “எதுக்கும் ஒருக்காப் போட்டுக் கேட்டுருவோம்” என்று கையை நீட்டினார்.

பல்பு அணைந்தது. பச்சைக் கண்ணும் அணைந்தது.

“கரண்டு போயிருச்சு மொதலாளி. மணி நாலு. இனிமே ராத்திரிதான் வரும்” என்றான் முத்துச்சாமி.

சோலைமலை இருட்டில் ஒரு நிமிஷம் யோசித்தார். “போகட்டும். நான்தான் கண்ணால பாத்தேனே. கெளம்புங்க, நானே உங்களை ஸ்டேஷன்ல விடுறேன்” என்றார். நாடாவைக் கழற்றித் தன் ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார். “இது இனிமே என்கிட்டயே இருக்கட்டும். வழியில நீங்க எதையாச்சும் செஞ்சுறக் கூடாது பாருங்க.”

முத்துச்சாமி ஓட்டிய காரில் திண்டுக்கல் வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. என் பிறவியிலேயே அது முதல் தடவையாக இருக்கும். மலைக்கோட்டை தெரிந்தது, ஊர் வந்தது. அறையை விட்டு வெளியே வந்த மாதிரியே எனக்குத் தோன்றவில்லை. அண்ணன் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார்.

ஸ்டேஷன் வராந்தாவில் வீரலட்சுமி எழுந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனேன்.

இன்ஸ்பெக்டர் சௌகத் அலி நறுக்கென்று பேசுகிறவர். எங்களையும் சோலைமலையையும் சேர்த்துப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது.

“ஏதோ நாடா இருக்காம், அதுல சங்கு கேக்குதாம், நான் பொய்யனாம். அதான் நானே கொண்டாந்துட்டேன், பெட்டியோட” என்றார் சோலைமலை. “உங்க முன்னாலயே போடுங்க. சங்கு இருந்துச்சுன்னா என்னை என்ன வேணா செய்ங்க.”

“வத்தலக்குண்டுல இருந்து நாடா யார் கையில இருந்துச்சு?”

“என் பொறுப்புலதான்யா. எனக்குத் தெரியாம இவுக அதுல ஒண்ணும் செய்ய முடியாது.”

“அதை எழுதிக் கையெழுத்துப் போடுறீங்களா?”

“தாராளமா.”

“அய்யா, இவரு அதை அழிச்சுட்டாருய்யா! என் கண்ணு முன்னாலேயே...” என்று நான் பாய்ந்தேன். அண்ணன் என் கையைப் பிடித்து நிறுத்தினார். “எழுதட்டும்லே” என்றார்.

சோலைமலை எழுதினார், கையெழுத்துப் போட்டார், பேனாவை மூடினார். இன்ஸ்பெக்டர் பெட்டியை ஓடவிட்டார். தேதி வந்தது. ஆர்மோனியம் வந்தது. கத்தரிக்காய்க் கூடை வந்தது. நாற்பது நாளாகக் கேட்காத குரலைக் கேட்டு வீரலட்சுமி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாப்பிள்ளையை விலைக்குக் கேட்டாயிற்று. இதோ, இனி மௌனம்தான்.

சங்கு ஊதியது.

பஞ்சாலைச் சங்கு, எழும்பி, ஏறி, ஸ்டேஷன் ஓடு வரைக்கும் நிரம்பி ஊதியது. நான் கண்ணைத் திறந்தபோது சோலைமலையின் கை பாய்ந்து சிவப்புப் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தது. சத்தம் நின்றது. கட்டை விரல் வெளுக்கிற அளவுக்கு அமுக்கிக்கொண்டிருந்தார்.

“கையை எடுங்க” என்றார் இன்ஸ்பெக்டர். “அது எதுக்கான பட்டன்?”

சோலைமலை கையை இழுத்து ஜிப்பாவில் துடைத்துக்கொண்டார்.

“நீங்க அமுக்கினீங்க. நீங்களே சொல்லுங்க.”

“அமுக்கட்டும்யா, எத்தனை தடவை வேணாலும் அமுக்கட்டும்” என்றார் அண்ணன். நாடாவைப் பின்னால் ஓட்டி மறுபடி விட்டார். கண்ணிமைக்கும் நேரத்தில், ஒரு நடுக்கமும் இல்லாமல். சங்கு முன்னைப் போலவே முழுசாக ஊதியது.

“இந்தப் பெட்டிக்கு வாசிக்கத்தான்யா தெரியும், எழுதத் தெரியாது” என்று அண்ணன் சொல்லத் தொடங்கினார். “சேக் பரீதுகிட்ட ரெண்டு பெட்டி. பாட்டுப் பிடிக்கிற பெட்டியை அவரு யாருக்கும் குடுக்க மாட்டாரு. அது திருவிழா முடிஞ்ச மறுநாளே ரிப்பேருக்கு மதுரைக்குப் போயிருச்சு. அதனால யாரும் பின்னால சங்கைச் சேத்துருக்கவும் முடியாது. வாடகைக்கு விடுறது இந்தப் பெட்டி ஒண்ணுதான். வாடகைக்கு எடுக்கிறவன் கை சும்மா இருக்காது, தன் குரலைக் கேக்கணும்னு ஆசைப்பட்டு அடுத்தவன் பாட்டை அழிச்சுருவான். அவரு தங்கச்சி நர்கீஸ்தான் கடையில ரிப்பேர் எல்லாம் பாக்குறது. அவுக உள்ள ரெண்டு கம்பியை வெட்டி விட்டுட்டாக. பட்டன் அமுங்கும், பாட்டு நிக்கும், பச்சைக் கண் ஆடும். ஆனா நாடாவுக்கு ஒண்ணும் போய்ச் சேராது.”

“பட்டனையே கழட்டியிருக்கலாமே?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“நானும் அதையே கேட்டேன். பட்டன் இல்லைன்னா நம்ம சனம் பெட்டி பழுதுன்னு திருப்பிக் குடுத்துருதாம். அமுக்கிப் பாத்தாத்தான் திருப்தியாம்.” அண்ணன் என் பக்கம் திரும்பினார். “அவுகளைக் கம்பி வெட்ட வச்ச புண்ணியவான் யாரு தெரியுமாலே? மூணு வருசத்துக்கு முன்னால நிலக்கோட்டைக் கல்யாண வீட்டுல தெம்மாங்கு பாடுனானே, அவன்.”

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் பார்த்தார். “மூணு மணிச் சங்கு ஊதும்போது வீரப்பன் தள்ளினதைப் பார்த்ததா எழுதிக் குடுத்தீங்க. வீரப்பன் இங்கே பாடிக்கிட்டு இருக்கான். அப்ப அந்தக் கிணத்து மேட்டுல நீங்க யாரைப் பார்த்தீங்க, சோலைமலை?”

வாசலில் நின்ற முத்துச்சாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். “அங்க வேற யாரும் இல்லைய்யா. மொதலாளிதான். தண்ணி முறைச் சண்டை. நான் சொல்லிருதேன்யா, என்னால இதுக்கு மேல முடியாது” என்றான்.

நான் அண்ணனை வராந்தாவுக்கு இழுத்துப் போனேன். “எல்லாம் தெரிஞ்சேதான் கார்ல ஏறுனீகளா?”

“நாம கொண்டாந்தா அது நாம செஞ்ச நாடான்னு அவரு வக்கீலு சொல்லுவான். அவரே கொண்டாந்து, அவரே கையெழுத்துப் போட்டா?”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“பட்டன் பேச்சை நான் எடுத்தா அவருக்குச் சந்தேகம் வரும். நீ எடுத்தா யாருக்கும் வராது. நீ எடுக்காம இருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். சொல்லியிருந்தா அந்த ரூம்புல நீ அப்பிடிக் கத்தியிருப்பியா?”

“நாலு மணிக்கு முன்னால அவரு திருப்பிப் போட்டுக் கேட்டிருந்தா?”

“கிணத்துக்குள்ள இருந்திருப்போம்” என்றார் அண்ணன். அப்போது அவர் குரல் நிஜமாகவே நடுங்கியது. நானும் கோபத்தை மறைக்கவில்லை. அவரோடு இனிப் பேசுவதில்லை என்று சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். “நாளைக்குக் காலையில கோர்ட்டுல நானே சொல்றேன்மா. மத்தியானத்துக்குள்ள உன் வீட்டுக்காரர் வெளியே வந்துருவார்.”

வீரலட்சுமி கும்பிட்டாள். அப்புறமும் போகாமல் நின்றாள்.

“இன்னைக்கு ராத்திரி அவுகளுக்குத் தெரியாதேய்யா” என்றாள். “நாளைக்கு என்ன ஆகுமோன்னு ராப்பூரா முழிச்சுக் கெடப்பாக. ஒரு வார்த்தை சொல்லி விட முடியாதா?”

“பார்க்கிற நேரம் முடிஞ்சு போச்சேம்மா” என்றார் அவர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் ஓடினேன். முழங்கால் வலியோடு, வெயில் தாழ்ந்த தெருவில் வீரப்பன் இருந்த சப் ஜெயில் மதில் வரைக்கும் ஓடினேன். கேட்டில் நின்ற வார்டர் என்ன ஏது என்று கேட்பதற்குள், மதில் ஓரமாக நின்று, எட்டு வருஷம் பஸ் முழுக்கக் கேட்கக் கத்திய குரலில் கத்தினேன்.

“ஏலே வீரப்பா! சோலைமலை மாட்டிக்கிட்டான்லே! நாளைக்கு நீ வீட்டுக்குப் போற! ஒன் பொண்டாட்டி சொல்லச் சொல்லுச்சு, நிம்மதியாத் தூங்குலே!”

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வார்டர் என் தோளைப் பிடித்தார், ஆனால் இழுக்கவில்லை. அவரும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு மதிலுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண் பிள்ளை வாய்விட்டு அழும் சத்தம் கேட்டது.